மிச்ச இடத்தின் மதிப்பு

“அந்த மிச்ச இடம் எதுக்கும் ஆகாதுங்க ஐயா. ஒரு சைக்கிளை உள்ளே விட்டுத் திருப்பக்கூட முடியாது.”

சாட்சிக் கூண்டில் நின்று இப்படிச் சொன்னது எதிராளி இல்லை. சைக்கிள்கடைக்காரம்மா தன் பக்கம் பேச அழைத்து வந்திருந்த நில மதிப்பீட்டாளரேதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாலையை அகலப்படுத்த அவள் கடையின் முன்பாதியை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. தருவதாகச் சொன்ன நட்டஈடு போதாது என்று வழக்குப் போட்டிருந்தாள்.

சற்று முன்தான் அரசுத் தரப்பு நிபுணர் அதே கூண்டில் ஏறி, “முன்பக்கம் போனாலும் கவலையே இல்லை. மிச்சக் கடை அகலமான ரோட்டைப் பார்த்து நிக்கும். வியாபாரம் பிரமாதமா நடக்கும்” என்று புகழ்ந்து தள்ளியிருந்தார். அவள் உச்சி குளிர்ந்துபோயிருந்தாள்.

அவருக்குத் தெரிந்த அருமை நம்ம ஆளுக்குத் தெரியவில்லையே! பொறுக்க முடியாமல் எழுந்தேவிட்டாள்.

“எதை ஆகாதுங்கறீங்க? என் வீட்டுக்காரர் போனப்புறம் ரெண்டு பொண்ணுங்களையும் அந்தக் கடையை வெச்சுத்தான் ஆளாக்கினேன். ஒரு முழம் மிஞ்சினாலும் அதுல கடை நடத்துவேன்!”

அரசு வக்கீல் அவசரமாகக் குறித்துக்கொண்டார். அவளுடைய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

இடைவேளையில் மதிப்பீட்டாளரை வராந்தாவில் மடக்கினாள்.

“என் கடை மேல உங்களுக்கு அப்படி என்ன சார் கோபம்?”

“கோபமா? அக்கா, மிச்ச இடம் நல்லா இருக்குன்னா, உங்களுக்கு நஷ்டம் கம்மின்னு அர்த்தம். நட்டஈட்டையும் குறைச்சிடுவாங்க. அவர் புகழ்ந்தது அதுக்குத்தான். நான் டேப்பைப் பிடிச்சு அளந்து பார்த்தேன். இருக்கறதைச் சொன்னேன்.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த நொடியே ஆத்திரம் பொங்கியது. இனிக்க இனிக்கப் பேசியே கழுத்தை அறுக்கப் பார்த்தார்களா?

மதியம் அவளே கூண்டில் ஏறினாள். அரசு வக்கீல் தேன் ஒழுகக் கேட்டார்.

“ஒரு முழம் மிஞ்சினாலும் கடை நடத்துவேன்னு காலைல நீங்களே சொன்னீங்களேம்மா?”

ஏதோ கோபத்தில் உளறிவிட்டேன் என்று மழுப்பிவிடுங்கள் என்பதுபோல் அவள் வக்கீல் கண்ணைக் காட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன், நடத்துவேன்.”

அவள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

“இடம் பத்தலைன்னா சைக்கிளை எல்லாம் என் கழுத்துல மாட்டிக்கிட்டாவது நடத்துவேன். ஆனா அது இடத்தோட மதிப்பு இல்லைங்க, என்னோட வைராக்கியம். நீங்க எடுத்துக்கறது என் நிலத்தை. என் வைராக்கியத்தைக் காட்டி நட்டஈட்டைக் கழிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?”



நீதிபதி அரசுத் தரப்பு நிபுணர் பக்கம் திரும்பினார்.

“இந்தம்மாவை விட்டுடுங்க. உங்க சொந்தத் தம்பி வந்து, அந்த மிச்ச இடத்துல ஒரு கடை போடலாமான்னு கேட்டா என்ன சொல்வீங்க? சத்தியம் பண்ணியிருக்கீங்க, யோசிச்சுச் சொல்லுங்க.”

நிபுணர் தன் அறிக்கையைப் புரட்டினார். பிறகு மூடிவிட்டார்.

“வேணாம்டான்னு சொல்வேன் ஐயா.”