கடலா, கிணறா

இரண்டு அணிக்கும் ஆள் பிரித்தாகிவிட்டது. மிச்சம் இருவர்: கோல்கீப்பர் டெல்சியும், கடலைப் பார்த்து ஒரு மாதம்கூட ஆகாத புதுப்பெண் வளர்மதியும். போன வாரம் கோலில் நிற்க ஆளில்லாமல் ஏழு கோல் வாங்கிய கேப்டன் பிரிசில்லாவுக்கு டெல்சிதான் வேண்டும். டெல்சியும் வளர்மதியும் தள்ளிப்போய் ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டபடி திரும்பி வந்தார்கள். எந்தப் பெயர் யாருடையது என்று கேப்டன்தான் ஊகிக்க வேண்டும்.

“கடல் வேணுமா, கெணறு வேணுமா?”

டெல்சி படகுக்காரர் மகள். பிரிசில்லா யோசிக்கவே இல்லை. “கடல்!”

வளர்மதி முன்னால் வந்தாள்.

“இன்னைக்கும் ஏழுதாம்ட்டி!” எதிரணி சிரித்தது.

“கோல்ல நிப்பியா?” என்றாள் பிரிசில்லா எரிச்சலாக.

வளர்மதி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், பழைய மீன்வலையை வெட்டிக் கட்டியிருந்த கோல் வலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு நடுவில் நிற்காமல் இரண்டடி இடதுபக்கம் தள்ளி நின்றாள்.

“அங்க ஏன் நிக்க?”

“வலை இங்கதானேக்கா கிழிஞ்சிருக்கு. பந்து அதிகமா இங்கதான் வந்து அடிக்கும் போல.”

மூன்று வருடமாக அங்கே ஆடுகிற பிரிசில்லா அந்தக் கிழிசலை அப்போதுதான் பார்த்தாள். விசில் ஊதினார்கள். முதல் பந்து இடதுபக்கம்தான் வந்தது.