ஏழு பேர் வேலை செய்யும் கடை

டூடெக் பேக்கரி வாசலில் காலை எட்டு மணிக்கே வரிசை தெருமுனைவரை நின்றது. உள்ளே ஒரு விளக்கு பாக்கியில்லாமல் எரிந்தது. கண்ணாடி அலமாரியில் ரை ரொட்டியும் வால்நட் ரோலும் அடுக்கி வைத்திருந்தார்கள்.

அத்தனை கூட்டத்தைப் பார்த்தும் கடைக்காரர் காஸ் டூடெக் முகத்தில் ஈயாடவில்லை. தேர்தல் விளம்பரப் படத்தில் தான் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தில் ஐந்தாவது முறையாகத் தடுக்கி நின்றிருந்தார்.

"ரொம்பச் சின்ன வரி, காஸ். 'என் கடையில ஏழு பேர் வேலை செய்றாங்க.' அவ்வளவுதான். ஸ்கூல் பிள்ளைகூடச் சொல்லிடும்" என்றாள் ப்ரின். வேட்பாளர் வெண்டல் ஷ்ராடரின் பிரசாரத்தை நடத்துகிறவள். ஒரே நேரத்தில் இரண்டு போனில் பேசிக்கொண்டே மூன்றாவது ஆளைத் திட்டத் தெரிந்தவள்.

"மனப்பாடமாத்தான் இருக்கு. வாயிலதான் வரமாட்டேங்குது."

"வர வைங்க. தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள். நாம ரெண்டு சதவீதம் பின்னால இருக்கோம். இந்த விளம்பரம் இன்னைக்கு டிவிக்குப் போகலைன்னா, எல்லாரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

"விடு ப்ரின், மனுஷன் மூச்சு விடட்டும்" என்றார் ஷ்ராடர். முப்பது வருடம் லேத் பட்டறை நடத்திவிட்டு, முதல் தடவையாக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்தலில் நிற்கிறார். அரசியல்வாதிக்குரிய வழவழப்பு இன்னும் ஏறவில்லை. தொகுதியின் மறுகோடிக்காரர் என்பதால் இந்தக் கடைக்குள் அன்றுதான் முதலில் கால் வைத்திருந்தார். "முதல்ல நான் பேசுறதை எடுத்துக்கங்க."

கேமரா ஓடியது.

"பெரிய கம்பெனி வந்தா வேலை வரும்னு நாற்பது வருஷமா சொன்னாங்க. வந்தாங்க, வரிச்சலுகையை வாங்கினாங்க, போயிட்டாங்க. நம்மகூட நின்னது இந்த மாதிரிக் கடைங்கதான். இவங்களுக்கு அடமானம் கேக்காம கடன் கொடுக்கணும். புதுசா ஒரு ஆளைச் சேர்த்தா வரியில கழிக்கணும். வாஷிங்டன்ல என் முதல் வேலை அதுதான்."

எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற குரல் இல்லை அது. மனதாரச் சொன்னார். காஸ் இந்தப் படப்பிடிப்புக்கு ஒப்புக்கொண்டதும் அதற்காகத்தான். இந்த ஆள் ஜெயித்தால் ஏதாவது நடக்கும் என்று அந்த ஆற்றங்கரை ஊரில் இன்னும் நம்பிக்கொண்டிருந்த சிலரில் அவரும் ஒருவர். அப்படியும் நாக்கு எழவில்லை என்றால் பாவம் அவர்தான் என்ன செய்வார்?

ஷ்ராடர் பேசி முடிக்கும்வரை காஸ் பெரிய அடுப்பின் இரும்புக் கதவில் உள்ளங்கையை ஊன்றியபடியே நின்றார். அவர் கண்கள் மாவு மேசைக்குப் போயின, கல்லாவுக்குப் போயின, திரும்பி வந்தன. பிறகு ஷ்ராடரிடம் வரும்போதுகூட யாருக்கோ வழி விடுவதுபோல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்.

"மிஸ்டர் ஷ்ராடர், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் தாழ்ந்த குரலில்.

ப்ரின் சட்டென்று இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "படம் முடியட்டும், காஸ். இவர் ஜெயிக்கணும்னு நினைக்கிறீங்களா இல்லையா?"

"நினைக்கிறேன்."

"அப்ப அந்த ஒரு வரியைச் சொல்லுங்க."

காஸ் கண்ணை மூடித் திறந்தார். கேமராவைப் பார்த்தார்.

"என் கடையில ஏழு பேர்..."

வாசல் மணி அடித்தது. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வரிசையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஓடி வந்தவள்போல் மேல்மூச்சு வாங்கியது. கிடங்குத் தொழிலாளர்கள் போடும் ஆரஞ்சு அங்கி உடம்பில் இருந்தது.

"நிறுத்தாதே, ஓடட்டும். அந்த முகத்தைப் பாரு" என்று கேமராக்காரனின் காதைக் கடித்தாள் ப்ரின்.

வந்தவள் யாரையும் கேட்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்து மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே போனாள். அங்கியைக் கழற்றி மடித்து, குனிந்து பார்க்காமலே கீழ்த்தட்டில் வைத்தாள். கைப்பையின் அடியிலிருந்து பழைய வலைத்தொப்பி ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

காஸின் முகம் மாவாய் வெளுத்தது. "லொரெய்ன்" என்றார். சத்தம் வரவில்லை.

ஷ்ராடருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க இங்க வேலை செய்றவங்களா?"

"இருபத்திரண்டு வருஷம். கல்லாவுல."

"அப்ப அந்த ஆரஞ்சு அங்கி?"

"அது ஹைவே பக்கத்துக் கிடங்கு. பஸ்ல அங்கதான் போயிட்டிருந்தேன். இங்க விளக்கு எரியுறது தெரிஞ்சுது, இறங்கி ஓடி வந்துட்டேன். இனிமே வரமாட்டேன், வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு வழியிலேயே அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

ஷ்ராடரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஒன்றும் விளங்காமல் ப்ரினைத் திரும்பிப் பார்த்தார். ப்ரின் தரையைப் பார்த்தாள். அவள் கூட்டி வந்து வரிசையில் நிறுத்தியிருந்த ஆட்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

லொரெய்ன் கல்லாவின் மேல் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு காஸ் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் கொஞ்சம்தான் இருந்தது, மற்றதெல்லாம் சந்தோஷம்.

"மூணு வருஷம் கழிச்சுக் கடையைத் திறக்குறீங்க, எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா, காஸ்?"