சார்ஜர் இருக்கு, சார்ஜர் இல்லை

“இந்தா, மறுபடியும் படுத்துடுச்சு! நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன், அது பாட்டுக்குத் தூங்குது!”

புரூஃப் ரீடர் லேப்டாப்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது.

“அடிச்சா எழுந்திருச்சிடுமா? நாலு மணிக்கு இன்டர்வியூ. இப்பவே ரெண்டு தாண்டிடுச்சு,” என்றாள் மனைவி.

“தெரியும், தெரியும். நீ வேற அவசரப்படுத்தாதே.”

இருபத்தாறு வருடம் ஒரே பத்திரிகையில் ஒற்றும் புள்ளியும் பார்த்த மனிதர். பத்திரிகையை மூடி ஐந்து மாதம் ஆகிறது. ஐம்பத்து நான்கு வயதில் யார் கூப்பிடுவார்கள்? ஏதோ ஒரு பதிப்பகம் கூப்பிட்டிருக்கிறது, அதுவும் வீடியோவில். காலையிலிருந்து ஒத்திகை பார்க்கிறார். அந்தப் பாழாய்ப்போன லேப்டாப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல விழித்திருக்க மாட்டேன் என்கிறது.

அது மகளுடையது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிற லினக்ஸ் மென்பொருளை அதில் ஏற்றி வைத்ததும் அவள்தான். எட்டு மாதத்துக்கு முன்னால், தானே ஒருவனைப் பார்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அந்தப் பையனின் முகத்தில்கூட விழிக்க மாட்டேன் என்று இவர் கதவைச் சாத்தினவர்தான்.

“ஏங்க, அவளுக்கே ஒரு போன் போட்டா...”

“அந்தப் பேச்சே வேண்டாம். இந்த வேலை கிடைக்காட்டியும் பரவாயில்லை.”

பரவாயில்லையாம்! வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, கண் கடிகாரத்தையே பார்த்தது.

மனைவி பெருமூச்சு விட்டு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். “லினக்ஸ்காரங்க குழு ஒண்ணு இருக்கு. போன்லயே சரிபண்ணித் தர்றாங்களாம். இந்த நம்பர்காரருக்கு அங்க சுண்டெலின்னு பட்டப்பேராம்.”

“என் பொழப்பு கடைசில ஒரு சுண்டெலி கைலயா?” என்று அலுத்துக்கொண்டே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டார்.

“சொல்லுங்க ஐயா,” என்றது ஓர் இளம் குரல்.

இவர் ஒரே மூச்சில் ஒப்பாரி வைத்து முடித்தார்.

“பதறாதீங்க ஐயா. நாலு மணிக்குள்ள எழுப்பி உட்கார வச்சிடலாம். சார்ஜர் மாட்டியிருக்கா?”

“மாட்டித்தான் இருக்கு.”

“பவர் செட்டிங்ஸ்ல, தானா தூங்கணுமான்னு கேட்டிருக்கும். என்ன வச்சிருக்கீங்க?”

“வேண்டாம்னுதான் வச்சிருக்கேன். நேத்தே மாத்திட்டேனே!”

“அப்ப வேற ஏதோ இருக்கு. பட்டனை அழுத்தி எழுப்பிட்டு, டெர்மினலைத் திறங்க. கறுப்பா ஒரு ஜன்னல் வரும். நான் சொல்றதை அப்படியே அடிங்க.”

அவன் எழுத்தெழுத்தாகச் சொன்னான். ஒரு சொல், ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு.

“தம்பி, சிறுகோட்டையும் அடுத்த சொல்லையும் ஒட்டணுமா, இடம் விடணுமா?”

“ஒட்டணும் ஐயா. இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். மத்தவங்க தப்பா அடிச்சிட்டு என்னைத் திட்டுவாங்க.”

புரூஃப் ரீடருக்கு ஐந்து மாதம் கழித்து முதுகு நிமிர்ந்தது. திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. தொழில்காரர் அல்லவா, ஒரு புள்ளி விடாமல் வாசித்தார். “ரெண்டு பத்துக்கு ‘எஸ்’. ரெண்டு பதினொண்ணுக்கு ‘நோ’. உடனே மறுபடியும் ‘எஸ்’. இதோ, திரும்பவும் ‘நோ’. என்ன தம்பி இது, இருக்குங்குது, இல்லைங்குது?”

“அது சார்ஜரைத்தான் சொல்லுது ஐயா. சார்ஜர் இருக்கு, சார்ஜர் இல்லை.”

“நான் அதைத் தொடவே இல்லையே!”

“நீங்க தொடலை. கரண்டுதான் விட்டு விட்டு வருது. பேட்டரிக்கும் வயசாயிடுச்சு, தனியாத் தாங்க முடியலை. கரண்டு நின்னதும், அணைஞ்சுபோறதுக்குள்ள எல்லாத்தையும் பத்திரப்படுத்தணுமேன்னு லேப்டாப் படுத்துடுது. அது மேல தப்பே இல்லை.”

“ஐயோ பாவம், இதைப்போய் அடிச்சிட்டேனே!” நிஜமாகவே அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். எதிர்முனையில் அவன் சிரிப்பது கேட்டது. இவருக்கும் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் அவர் சிரித்து எத்தனையோ நாள் ஆயிற்று.

“தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு ஐயா.”

“இவ்வளவு பொறுமை, இவ்வளவு மரியாதை! உங்க மாமனார் கொடுத்து வச்சவர். எனக்கும் வாய்ச்சிருக்கானே ஒருத்தன்!”

மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

“ஐயா, ஹால்ல சோபாவுக்குப் பின்னாடி இருக்குற பிளக்லதானே சார்ஜரைப் போட்டிருக்கீங்க? அது லூஸ். சாப்பாட்டு மேஜை பக்கத்துல இருக்குற பிளக்குக்கு மாத்திடுங்க. இன்டர்வியூ முடியுற வரைக்கும் தூங்காது.”

புரூஃப் ரீடர் சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சார்ஜர் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“எங்க வீட்டு பிளக் லூஸா இருக்குறது உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?”

“எனக்கு எங்க தெரியும்? உங்க பொண்ணுதான் பக்கத்துல உட்கார்ந்து அழுதுக்கிட்டே சொல்றா, மாமா.”