ஐந்தாவது பாடம்

முதலில் அது வாஷிங் மெஷினின் சத்தம் என்றுதான் நினைத்தாள்.

சமையலறை மேடையில் லேப்டாப் திறந்திருந்தது. திறந்தநிலைப் பள்ளியில் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதற்கான விண்ணப்பம். நான்கு பாடங்களை நிரப்பியாயிற்று. ஐந்தாவது, விருப்பப் பாடம். அந்த ஒரு கட்டம் மட்டும் ஒரு வாரமாகக் காலியாகக் கிடந்தது. இன்று மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள்.

"எதுன்னாலும் போட்டுடும்மா" என்று காலையிலேயே மகள் சொல்லிவிட்டாள்.

வீட்டிலேயே படிக்கிற பதினாலு வயதுப் பிள்ளை. எதுன்னாலும் என்று சொல்லத்தானா பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினோம் என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

மணி மூன்று. டீ கொதித்துக்கொண்டிருந்தது.

சத்தம் மெல்ல ஏறியது. பிறகு இறங்கியது. ஒரு பக்கம் சுற்றி முடித்த மெஷின் மறுபக்கம் சுற்றுவதற்கு முன்னால் சற்று நிற்குமே, அப்போது அதுவும் நின்றது.

நின்று, மூச்சு வாங்கியது.

மெஷின் மூச்சு வாங்காது.

அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

பின்பக்க பால்கனியில், மெஷினுக்கு முன்னால், மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். வட்டக் கண்ணாடியில் நெற்றியை ஒட்ட வைத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. கண்ணாடிக்குள் மஞ்சள் போர்வை எழுந்து, மடங்கி, நீரில் விழுந்தது. மறுபடி எழுந்தது. கம்பி வழியே வந்த வெயில் கண்ணாடியில் பட்டுச் சுவரெல்லாம் அலைந்தது. சுவரே நனைந்து ஆடுவது மாதிரி இருந்தது.

மகள் பாடிக்கொண்டிருந்தாள்.

அதில் சொற்கள் இல்லை. தெரிந்த பாட்டும் இல்லை. மெஷின் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருக்க, அதைக் கையில் பிடித்துக்கொண்டு குரல் மட்டும் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. போனது. வந்தது.

கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தரை இருப்பதே மறந்துபோயிற்று.

ஒரு மாதமாக, மூன்று மணியானால், "துணி நான் போடறேன்" என்று இந்தப் பெண் ஓடுகிறாள். பொறுப்பு வந்துவிட்டது என்று கணவனிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

பொறுப்பாம்.

சத்தமில்லாமல் லேப்டாப்புக்கு வந்தாள். பட்டியலைக் கீழே இறக்கினாள். இருந்தது. வாய்ப்பாட்டு.

விரல் அதன்மேல் போய் நின்றது. அதற்குள் மனசு பறக்க ஆரம்பித்துவிட்டது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டீச்சர் இருப்பதாகச் சொன்னார்கள். செவ்வாய், வியாழன். காலையில் முக்கால் மணி நேரம் சாதகம். அதை எழுதி வைக்க ஒரு நோட்டு.

நோட்டு என்றதும் எறும்புகள் ஞாபகம் வந்தன.

அப்போது மகளுக்கு ஒன்பது வயது. இதே பால்கனியில் குப்புறப் படுத்து, சர்க்கரை தூக்கிப் போகும் எறும்புகளை மணிக்கணக்கில் பார்ப்பாள். பிள்ளை விரும்புவதையே பாடமாக்குங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் இவள் பேசிக் கைதட்டு வாங்கி வந்த நேரம் அது. பூதக்கண்ணாடி வாங்கினாள். நோட்டில் கோடு போட்டாள். தேதி, நேரம், எண்ணிக்கை.

மூன்றாம் வாரம் மகளே பால்கனியைக் கழுவிவிட்டாள். எறும்பு வரக்கூடாது என்று மூலையில் மஞ்சள்பொடியும் தூவினாள்.

பிறகு களிமண். பூந்தொட்டி மண்ணில் குட்டிக் குட்டி முகங்கள் செய்துகொண்டிருந்தாள். அதற்கும் இவள் சனிக்கிழமை ஆன்லைன் வகுப்பு வைத்தாள். கூரியரில் நல்ல களிமண் வந்தது. இன்னும் அலமாரியில் இருக்கிறது. கல்லாகிவிட்டது.

திட்டியதில்லை, அடித்ததில்லை. ஆசையாகத்தான் செய்தாள். ஆசையாகச் செய்தே இரண்டையும் கொன்றாள்.

பால்கனியில் குரல் இன்னும் போய் வந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பயமாக இருந்தது. விரலை எடுத்தாள். சூடான பாத்திரத்தைத் தொட்டவள் போல எடுத்தாள்.

பட்டியலில் இன்னும் கீழே போனாள்.

மனையியல்.

அதற்கு ஒன்றும் ஆகாது. அதன்மேல் இந்த வீட்டில் யாருக்கும் உயிர் இல்லை. படித்தால் பாஸ்.

கட்டத்தை நிரப்பினாள். அனுப்பினாள்.

மெஷின் மூன்று முறை கூவிவிட்டு நின்றது. குரலும் நின்றது.

திரும்பினால் மகள் வாசலில் நிற்கிறாள். நெற்றியில் கண்ணாடி பதிந்த சிவப்பு.

"அம்மா, நீ கேட்டுட்டயா?"

"என்னது சாமி? டீ வெச்சுட்டிருந்தேன். எனக்கொண்ணும் கேக்கலியே."

மகள் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஈரப் போர்வையை வாளியில் அள்ளிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். படியில் அவள் கால் சத்தம் தேய்ந்து மறைந்தது.

வீடு சும்மா இருந்தது. இவ்வளவு சும்மா இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

படுக்கையறைக்குப் போய் பீரோவைத் திறந்தாள். நேற்றுத்தான் இஸ்திரி போட்டு வந்த மூன்று விரிப்புகள். ஒவ்வொன்றாக உதறிப் பிரித்தாள். கசக்கினாள். தரையில் போட்டு மிதித்து, இன்னும் கொஞ்சம் கசக்கினாள்.

படியில் கால் சத்தம் இறங்கி வந்தது.

"கண்ணு, இங்க இன்னுங் கொஞ்சம் அழுக்குத் துணி கெடக்குது பாரு. போட்டுடறயா?"