அன்புள்ள குளலி

மின்னஞ்சல் மென்பொருளைப் புதுப்பித்த அன்று, இறந்துபோன கணவர் ஜெபசிங்கின் மின்னஞ்சல்கள் எல்லாம் குழலியின் பெட்டியிலிருந்து மறைந்துவிட்டன. மூன்றாம் நாள் அத்தனையும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் 'அன்புள்ள குழலி' என்று தொடங்கியது.

அவள் சேவை மையத்தைக் கூப்பிட்டாள்.

"இது அவர் எழுதினது இல்லைம்மா. அவருக்கு ழகரமே வராது. 'குளலி'ன்னுதான் எழுதுவார். என்னைக் குளத்துல தள்ளிட்டீங்களேன்னு கேலி பண்ணுவேன்."

"நீங்க அனுப்பின பதில்களை வச்சு மென்பொருள் அவர் கடிதத்தை மறுபடி எழுதுது மேடம்," என்று மையத்தில் பேசிய பெண் பொறுமையாக விளக்கினாள். "உங்க பதில்ல 'குழலி'ன்னுதானே கையெழுத்து? பழசு அழிஞ்சிடுச்சு, இனி கிடைக்காது."

போனை வைத்துவிட்டு, ஆளில்லாத வீட்டில் குழலி அழுதாள்.

மறுநாள் காலை எல்லா மின்னஞ்சல்களிலும் 'குளலி' என்றிருந்தது. அவற்றுக்கு மேலே, அன்றைய தேதியில் புதிதாக ஒன்று:

"அன்புள்ள குளலி, நேத்து போனை வச்சிட்டு ஏன் அழுத?"