உள்ளே ஆள்

ஸ்பீக்கர் வடிவமைப்பவரின் சோதனை அறையில் எதிரொலியே கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு, ஒரு பக்கம் ஸ்பீக்கர், எதிரே மைக். சோதிக்கும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. ஆள் நின்றால் கணினி தாளில் வரையும் கோட்டில் ஒரு பள்ளம் விழும். எங்கே நிற்கிறார்களோ அதற்கேற்பப் பள்ளத்தின் இடம் மாறும். அந்தத் தாளில் "உள்ளே ஆள்" என்று எழுதிக் குப்பையில் போட்டுவிடுவார்.

மைக்கை அதன் இடத்தில் வைப்பது அவர் மனைவியின் வேலை. வைத்துவிட்டு அங்கேயே நிற்பாள். "இந்த அமைதி வேற எங்கங்க கிடைக்கும்?" என்பாள். எத்தனை தடவை திட்டியிருப்பார்! அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

இன்று காலை, காலி அறையில், அவள் நின்றால் விழும் அதே பள்ளம் விழுந்தது. மைக்கை மாற்றினார், வயரை மாற்றினார். அது கல்லுளிமங்கன் மாதிரி அங்கேயே இருந்தது.

ஸ்பீக்கர் பெட்டி செய்யும் தச்சரைக் கூப்பிட்டார். "நான் உள்ள போறேன். கதவைச் சாத்திட்டு இந்தப் பட்டனை அழுத்துப்பா."

அவள் இடத்தை விட்டுத் தள்ளி, மூலையில் போய் நின்றார். "இனிமே திட்ட மாட்டேன்," என்றார். ஸ்பீக்கர் ஒரு தரம் ஊளையிட்டு ஓய்ந்தது.

வெளியே வந்து பார்த்தார். பழைய இடத்தில் பள்ளம் இல்லை. மூலைக்குரிய இடத்தில் இருந்தது, இரண்டு மடங்கு ஆழமாக.

"கூட யாருண்ணே நின்னது?" என்றார் தச்சர்.

அவர் தாளை எடுத்து, "உள்ளே இரண்டு பேர்" என்று எழுதினார். வழக்கம்போலக் குப்பைக்கூடை வரைக்கும் போன கை, அப்படியே திரும்பி வந்தது.