முனி வந்த இடம்

தியான மண்டபத்துக்கு முளை அடித்துக் கயிறு கட்டியிருந்த இடத்தின் நட்டநடுவில் முனி வந்திருந்தார்.

ஒரு முழக் கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னச் சூலம்.

முந்தின நாள் சாயந்தரம் வரைக்கும் அங்கே ஒன்றும் இல்லை.

தர்ஷிகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கண்டியில் கட்டடங்களுக்கு பிளான் வரைகிறவள் அவள். தெல்தோட்டைக்கு மேலே, இந்தக் காட்டுக்குள், ஆறு சின்னக் குடில்களும் ஒரு மண்டபமுமாகத் தியான நிலையம் கட்டுவது அவளுக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை.

"தேயிலைத் தோட்டத்து லயத்து ஆளுங்க காணி பிடிக்கிற வழி இதுதான் அம்மா. இன்னைக்குக் கல்லு, நாளைக்குக் கோயில்."

"நாமளும் லயத்துல இருந்து வந்தவங்கதான் மகள்" என்றார் கலாராணியம்மா. மகளுக்குச் சமைத்துப் போட என்று கூட வந்து தங்கியிருப்பவர். அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

கல்லைத் தூக்கிப் போடச் சொல்லப் போவதாக மகள் சொன்னாள். யார் வைத்தாலும் மஞ்சள் பூசின பிறகு அது கல் இல்லை என்று தாய் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், இருந்த கற்பூரத்தையும் ஏற்றிவிட்டார். இனி எடுக்கவே முடியாது.

அடுத்த நாள் இன்னும் கற்பூரம் வாங்க மக்கீன் நானாவின் கடைக்குப் போனார்.

"ஒங்கட ஆளுங்களுக்கு இந்தக் கிழமை பக்தி கூடிப்போச்சு" என்று சிரித்தார் மக்கீன். "முந்தநாள் அழகமுத்து வந்து குங்குமம், செகப்புத் துணி எல்லாம் வாங்கிட்டுப் போறாரு. இன்னைக்கு நீங்க."

கலாராணியம்மா கற்பூரம் வாங்காமலேயே கடையை விட்டு இறங்கினார்.

அழகமுத்து அங்கே காடு வெட்டித் துப்புரவு செய்கிறவர். இந்த வேலையை நம்பித் தோட்டத்து நிரந்தர வேலையில் பேரை வெட்டிக்கொண்டு வந்தவர். மெதுவான மனிதர். அவரா இப்படி?

நேரே போய்க் கேட்டார். "அந்தக் கல்லை வச்சது நீங்களா?"

"சாமி தானா வந்துச்சும்மா."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

அழகமுத்து நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கலாராணியம்மா யாரையும் சத்தம் போட்டு ஏசியதில்லை. அன்றைக்கும் ஏசவில்லை. சாமி பேரில் பொய் சொல்கிறவர், நாலு பேர் மனசு தெளியக் கட்டுகிற இடத்தில் வேலை செய்ய வேண்டாம் என்று மட்டும் மகளிடம் சொன்னார். அது போதுமாக இருந்தது. அன்று மத்தியானமே அழகமுத்துவை நிற்பாட்டினார்கள்.

போகும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "கல்லை மட்டும் எடுத்துறாதீங்கம்மா."

"பார்த்தீங்களா, போகும்போதும் காணி நினைப்புதான்" என்றாள் தர்ஷிகா.

யார் வைத்தாலும் மஞ்சள் பூசின கல்லை எடுக்கக் கூடாது என்ற தாயின் பயத்துக்காக அவள் பிளானை மாற்றினாள். மண்டபம், பக்கத்தில் இருந்த பெரிய பாறைக்கு அந்தப் பக்கம் போனது. பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற இடம் கைவிட்டுப் போய்விட்டதே என்று கொழும்பிலிருந்த முதலாளி போனில் குறைப்பட்டார். தர்ஷிகா இரண்டு கிழமை தாயோடு சரியாகப் பேசவில்லை.

மண்டபத்துக்கு ஓடு போட்டு முடிந்த சமயம், கார்த்திகை மழை அந்த வருசம் நாலு நாள் விடாமல் கொட்டியது.

ஐந்தாம் நாள் மத்தியானம், வேலையாட்கள் ஆறு பேர் புது மண்டபத்துக்குள் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தபோது, பாறைக்கு இந்தப் பக்கம் மலை இடிந்து போனது. முளை அடித்த இடம், மரங்கள், முனி, எல்லாம் பள்ளத்துக்குள். மண்டபத்தில் ஒரு ஓடுகூட அசையவில்லை.

கலாராணியம்மா அழுதேவிட்டார். முனிதான் வந்து காப்பாற்றியிருக்கிறார். அழகமுத்து சொன்னது பொய்யே இல்லை. உண்மையாக வந்த சாமியைச் சந்தேகப்பட்டு, ஒரு மனுசன் வயிற்றில் அடித்துவிட்டோம்.

பாதை திறந்ததும் பழமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போனார். அழகமுத்து அப்போதுதான் யாருடைய மரக்கறித் தோட்டத்திலோ நாள் கூலிக்குப் போய்விட்டு வந்திருந்தார். அவர் மனைவி பாலம்மா கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"சாமி தானா வந்ததுன்னு நீங்க சொன்னது உண்மை. நான்தான் பாவி. மன்னிச்சுக்குங்க. நாளைக்கே வேலைக்கு வாங்க."



"இல்லம்மா. கல்லை நான்தான் வச்சேன்."

கலாராணியம்மாவுக்குப் புரியவில்லை.

"அந்த எடத்துல மரமெல்லாம் அடியில வளைஞ்சு நின்னுச்சு. வெயில் காலத்துலயும் தண்ணி கசியும். மண்ணு உள்ளுக்குள்ள நகருதுன்னு அர்த்தம். நான் சொல்லி யாரும் கேக்கல. சாமி சொன்னா கேப்பீங்கன்னு வச்சேன். நான் வச்சதுன்னு ஒத்துக்கிட்டிருந்தா, திரும்ப அங்கேயே கட்டியிருப்பீங்க."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"மொதல்ல எடம் பார்க்க வந்த இஞ்சினியர்கிட்ட. சிரிச்சாரு. அப்புறம் மிஸ்கிட்ட, ஒங்க மககிட்டதான். போன்ல இருந்தாங்க."

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அழகமுத்து. நான் கேட்டிருப்பேனே."

அவர் பாலம்மாவைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மூணாவதா ஒங்ககிட்டதான்மா சொன்னேன். நீங்க பூப் பறிச்சுக்கிட்டு இருந்தீங்க. சரி சரின்னு தலையாட்டிட்டு, பிளேன்டீ குடிச்சீங்களான்னு கேட்டீங்க."

கலாராணியம்மா யோசித்துப் பார்த்தார். பிளேன்டீ கொடுத்தது நன்றாக நினைவுக்கு வந்தது. அழகமுத்து பேசியதில் ஒரு சொல்கூட வரவில்லை.